பெட்டியைத் திறப்பதற்கு முன்

முப்பது வயதான கார் ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. பேட்டரி புதியது, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, ஆனால் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தீப்பொறி இல்லை. பிளக் மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று, பெட்ரோல் பம்பும் மாற்றியாயிற்று. இனி மாற்ற எதுவுமில்லை என்ற நிலையில் மெக்கானிக் சொல்கிறார்: "ஈசிஎம் போயிடுச்சு சார்."

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. மற்றதெல்லாம் தீர்ந்துபோனதால் அங்கே வந்து நின்றிருக்கிறார். ஈசிஎம் என்ற எஞ்சின் கணினியின் மேல் இப்படி வந்து விழும் பழி பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. ஒரு ஒயர், ஒரு ரிலே, துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட் செய்த வேலைக்குக் கணினி தண்டனை அனுபவிக்கிறது. அந்தத் தண்டனையின் செலவும் சிறியதல்ல. பழைய கார்களுக்கான கணினிப் பெட்டிகளைத் தயாரிப்பது எப்போதோ நின்றுவிட்டது. பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்து, விலை கொடுத்து, மாட்டிப் பார்த்து, அதிலும் வண்டி கிளம்பாமல் போனால் பல குடும்பங்கள் அந்தக் காரையே உடைக்கப் போட்டுவிடுகின்றன. நல்ல எஞ்சின், நல்ல பாடி, நல்ல கணினி மூன்றும் சேர்ந்து எடைக்குப் போகின்றன. அதனால்தான் ஒரு பெட்டி செத்துவிட்டது என்று எப்படி நிரூபிப்பது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதன் வேலையிலிருந்து தொடங்குவோம். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் எரிய வேண்டும். ஆகவே 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஏதாவது ஒரு சிலிண்டருக்குத் தீப்பொறி தேவைப்படுகிறது. அது எந்தக் கணத்தில் விழ வேண்டும், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் கணினி முடிவு செய்கிறது. ஐடிலில் இன்ஜெக்டர் திறந்திருப்பது இரண்டு மூன்று மில்லி விநாடிதான். இந்தக் கணக்கைப் போட அதற்குக் கிடைப்பது சென்சார்கள் அனுப்பும் மின்னழுத்தங்கள். கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, ரேடியேட்டர் தண்ணீர் எவ்வளவு சூடு, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்பதெல்லாம் ஒயர் வழியாக வோல்டேஜாகவோ துடிப்பாகவோ வந்து சேர்கின்றன. கணினிக்கு எஞ்சினைத் தெரியாது, வோல்டேஜைத்தான் தெரியும். வந்த வோல்டேஜ் தப்பாக இருந்தால், கணக்கைச் சரியாகப் போட்டு எஞ்சினை நிறுத்திவிடும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய வயதில்லை. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950களில் மின்னணு இன்ஜெக்ஷனை உருவாக்கி, 1958ஆம் ஆண்டு கிறைஸ்லர் கார்கள் சிலவற்றில் கொடுத்தது. அந்தக் காலத்து உதிரிபாகங்களால் காரின் சூட்டையும் அதிர்வையும் தாங்க முடியவில்லை. பெரும்பாலான கார்களில் அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரையே மாட்டினார்கள். அந்தக் காப்புரிமைகளின் வழியில் ஜெர்மனியின் போஷ் 1967இல் டி-ஜெட்ரானிக் என்ற அமைப்பை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. அதில் நுண்செயலி கிடையாது. டிரான்சிஸ்டர்களைக் கொண்டே கணக்குப் போட்டது. 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்த மோட்ரானிக், தீப்பொறியையும் பெட்ரோலையும் ஒரே டிஜிட்டல் பெட்டிக்குள் சேர்த்தது. மின்னணுவை முதலில் தோற்கடித்த சூடும் அதிர்வும் இன்றும் அதன் பகைவர்களாகவே இருக்கின்றன.

இந்த அத்தியாயத்தில் பழைய கார் என்று சொல்வது, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான நோயறி முறை வருவதற்கு முந்தைய வண்டிகளை. ஓபிடி-2 என்ற அந்த முறை அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்து கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது. இந்தியாவில் முதல் கட்டம் 2010இலும் இரண்டாம் கட்டம் 2013இலும் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய வண்டியில் இன்றைய ஸ்கேனரை மாட்டினால் ஒன்றும் தெரியாமல் போகலாம். கப்ளரே பொருந்தாமலும் போகலாம். ஆனாலும் அந்தக் கணினிகள் ஊமைகளல்ல. டொயோட்டா கார்களில் எஞ்சின் அருகிலுள்ள சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால், டேஷ்போர்டிலுள்ள செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டி எண்களைச் சொல்லும். 1990களின் தொடக்கத்து மிட்சுபிஷிகளில் முள் வைத்த பழைய வோல்ட் மீட்டர் ஒன்றை நோயறி கப்ளரில் மாட்ட வேண்டும். முள் நீளமாக ஆடினால் பத்து, குட்டையாக ஆடினால் ஒன்று. இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் 21, அதாவது கூலன்ட் வெப்பநிலை சென்சார். இரண்டும் இரண்டும் என்றால் 22, கிராங்க் கோண சென்சார். குறையில்லை என்றால் முள் சீராகத் துடித்துக்கொண்டே இருக்கும். துடிப்பே இல்லாமல் முள் ஒரே இடத்தில் நின்றால் அப்போது பெட்டியைச் சந்தேகிக்கத் தொடங்கலாம். தொடங்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஏனென்றால் கணினி விழித்திருக்கிறதா என்ற கேள்விக்கு முன்னால், அதற்குச் சாப்பாடு போகிறதா என்ற கேள்வி இருக்கிறது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். பல கார்களில் சில விநாடிகளில் அணைந்துவிடும், சிலவற்றில் எஞ்சின் ஓடும்வரை எரியும். அறவே எரியாவிட்டால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: பல்பு போயிருக்கிறது, கணினிக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது கணினி இறந்திருக்கிறது. இந்த வரிசையிலேயே பார்ப்பதுதான் முறை. மூன்றாவதிலிருந்து தொடங்குவதால் வரும் நஷ்டத்துக்குக் கணக்கே இல்லை.

கரண்ட் வருகிறதா என்று பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கணினியின் கப்ளரைக் கழற்றி, அதன் பின்னில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டும். "வருதே" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமில்லாத அளவு. நூறு இழைகளில் தொண்ணூற்றொன்பது அறுந்துபோய், ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருக்கும் ஒயரிலும் அது முழு வோல்டேஜைக் காட்டும். அந்த ஒற்றை இழை வழியாக உண்மையிலேயே சில ஆம்பியர் போக வேண்டி வரும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் சுமை இருக்கும்போது அளக்க வேண்டும். ஹெட்லைட் பல்பு ஒன்றை அந்தப் பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பல்பு பளிச்சென்று எரிந்தால் ஒயர் நல்லது, மினுங்கினால் எங்கோ தடை இருக்கிறது. பழைய மெக்கானிக்குகள் சட்டைப்பையில் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப்பை இந்தக் காரணத்துக்காகவே நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்றைமட்டும் கவனிக்க வேண்டும்: கரண்ட் வழியையும் எர்த் வழியையும் சோதிக்கத்தான் அது. சென்சார் ஒயர்களிலும் கணினி உத்தரவு அனுப்பும் பின்களிலும் பல்பை மாட்டக் கூடாது. அது இழுக்கும் மின்னோட்டத்தை உள்ளேயிருக்கும் சிறு டிரான்சிஸ்டர்கள் தாங்காது.

எர்த்தை யாரும் பார்ப்பதில்லை. பாசிட்டிவ் ஒயரைத் தேடித் தேடிப் பார்க்கிறவர்கள்கூட, எஞ்சின் பிளாக்கிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையை விட்டுவிடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த எர்த் போல்ட்டில் ஓம் அளவில் நூறில் ஒரு பங்கு தடை, 0.01 ஓம். பெருக்கினால் 1.5 வோல்ட். எஞ்சின் பிளாக் பேட்டரி நெகட்டிவைவிட ஒன்றரை வோல்ட் உயரத்தில் மிதக்கிறது! சென்சார்கள் பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் இடையில் பேசுகின்றன. அதில் ஒன்றரை வோல்ட் தரை தூக்கிக்கொண்டால், தங்கள் எர்த்தை எஞ்சினிலிருந்து எடுக்கும் சென்சார்களின் பேச்சு முழுக்கக் குழம்பிவிடும். ஓம் மீட்டரால் 0.01 ஓமைக் கண்டுபிடிக்க முடியாது. அதன் சொந்த ஒயர்களிலேயே அதைவிட அதிகத் தடை இருக்கும். ஆனால் யாராவது செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்தால் அந்த 1.5 வோல்ட் அப்பட்டமாகத் தெரியும். கணினியின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே இப்படி அளக்கும்போது 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி.

அடுத்து ஐந்து வோல்ட். பன்னிரண்டை வாங்கிக்கொண்டு கணினி தன் உள்ளே ஐந்து வோல்ட் தயாரிக்கிறது. நுண்செயலி ஓடுவதும் அதில்தான், த்ராட்டில் சென்சார் போன்றவற்றுக்கு ஒயர் வழியாக அனுப்பப்படுவதும் அதுதான். த்ராட்டில் சென்சார் கப்ளரைக் கழற்றி அளந்தால் ஐந்து வோல்ட்டுக்கு மிக அருகில் காட்ட வேண்டும். காட்டினால் பெட்டிக்குள் கரண்ட் போகிறது, எர்த் இருக்கிறது, ரெகுலேட்டர் வேலை செய்கிறது என்று மூன்று செய்திகள் ஒரே அளவில் கிடைக்கின்றன. காட்டாவிட்டால்? பெட்டி போய்விட்டது என்று தோன்றும் இடம் இது. அவசரப்படக் கூடாது. வண்டியில் ஏதோ ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது அந்த ஐந்து வோல்ட் ஒயர் எஞ்சினில் எங்கோ உரசி உரசித் தோல் உரிந்து பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். பல பழைய பெட்டிகளில் வெளியே நடக்கும் அந்த ஷார்ட் உள்ளேயிருக்கும் செயலியையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும். மீட்டரை ஐந்து வோல்ட் ஒயரிலேயே வைத்துக்கொண்டு, சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் எண் சட்டென்று ஐந்துக்கு எழும்பும். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட கணினி எழுந்து உட்காரும். மின்னணு நோயறிதலில் இதைவிட மகிழ்ச்சி தரும் கணம் எனக்குத் தெரியாது.

ஐந்து வோல்ட்டும் இருக்கிறது, இன்னும் தீப்பொறி இல்லை என்றால் கிராங்க் சென்சாரைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்றுகிறது என்று கணினிக்குச் சொல்வது அது ஒன்றுதான். அந்தத் துடிப்பு வராவிட்டால் கணினி தீப்பொறியும் தராது, பெட்ரோலும் தராது. நின்றுபோன எஞ்சினுக்குள் பெட்ரோல் பாயக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. தீப்பொறி, இன்ஜெக்டர் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் அதைப் பார்த்தே பலர் கணினியின் மேல் பழி போடுகிறார்கள். உண்மையில் அது கிராங்க் சென்சாரின் கையெழுத்து. மாறாக, கிராங்க் துடிப்பு ஒழுங்காகக் கணினியின் பின்வரை வருகிறது, நான்கில் மூன்று இன்ஜெக்டர்கள் வேலை செய்கின்றன, நான்காவதுக்கு மட்டும் உத்தரவு போகவில்லை, அந்த இன்ஜெக்டரின் காயிலும் ஒயரிலும் குறையில்லை என்றால் பெட்டிக்குள் அந்த ஒரு டிரான்சிஸ்டர் போயிருக்கிறது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். உள்ளே போவது எல்லாம் சரி, வெளியே வருவது தப்பு. பெட்டி குற்றவாளி என்பதற்கு இதுவே சான்று.

கணினியின் பெயரைக் கெடுத்த ஒரு உதிரிபாகத்தைச் சொல்லாமல் இங்கிருந்து நகர முடியாது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வந்த ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களில் மெயின் ரிலே என்று ஒன்று டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிறது. கணினிக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. காலையில் கார் ஒழுங்காகக் கிளம்பும். மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் கிளம்பாது. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். ரிலேக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டில் கனமான பின்களைச் சுற்றிய சால்டரிங்கில் முடி போன்ற வட்ட விரிசல் விழுந்திருப்பதுதான் காரணம். சூட்டில் செம்பு ஒரு அளவு விரிகிறது, போர்டின் பிசின் தன் தடிமன் வாக்கில் அதைவிடப் பல மடங்கு விரிகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ஈயம் ஒவ்வொரு பகலும் இரவும் இழுபட்டு இழுபட்டுச் சோர்ந்து வெடிக்கிறது. குளிர்ந்த நிலையில் விரிசலின் இரு கரையும் தொட்டுக்கொள்ளும், சூட்டில் விலகும். ரிலேயைக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்து, பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் அதோடு சரி. இதைப் புரியாமல் எத்தனை நல்ல கணினிகளைக் கழற்றி எறிந்திருப்பார்களோ!

இனி உண்மையிலேயே சாகும் பெட்டிகளுக்கு வருவோம். மிட்சுபிஷியும் கிறைஸ்லரும் சேர்ந்து அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் தொடங்கிய டயமண்ட்-ஸ்டார் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து எக்லிப்ஸ், ஈகிள் டேலன், பிளிமத் லேசர் என்ற மூன்று பெயர்களில் ஒரே கார் வந்தது. அவற்றில் 1990 முதல் 1994 வரையிலான மாடல்களின் எஞ்சின் கணினி, எப்படிச் சாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய அளவுக்கு ஒரே நோயால் சாகிறது. ஐடில் ஏறி இறங்கும். எஞ்சினுக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே தானாக டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். ஒரு நாள் கிளம்பும், ஒரு நாள் கிளம்பாது. பெட்டியைத் திறந்தால் மூக்குக்கு முதலில் செய்தி கிடைக்கும்: மீன் கவுச்சி. உள்ளே ஒன்றிரண்டு அலுமினிய மின்தேக்கிகளின் அடியில் போர்டு ஈரம் பட்டது போல நிறம் மாறியிருக்கும், செம்புத் தடங்கள் பச்சையாகவோ கறுப்பாகவோ அரித்திருக்கும்.

கடையில் கெப்பாசிட்டர் என்று கேட்டு வாங்கும் இந்த மின்தேக்கி, வீட்டு மொட்டைமாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி போன்றது. தெருக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் சமையலறையில் சீராக விழுகிறதல்லவா, அப்படி பேட்டரி வோல்டேஜ் துள்ளும்போதும் விழும்போதும் இது நிரப்பிக் கொடுத்துச் சமப்படுத்துகிறது. அதன் உள்ளே அலுமினியத் தகடு ஒன்று அமிலத்தால் அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் அலுமினிய ஆக்சைடு படலம் வளர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் படலத்தின் தடிமன் ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 1.4 நானோமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய காப்பு இருப்பதால்தான் சுண்டுவிரல் நகம் அளவுள்ள டப்பாவுக்குள் அவ்வளவு மின்னூட்டத்தைச் சேமிக்க முடிகிறது. ஆனால் அரித்த தகட்டின் எல்லாப் பள்ளங்களிலும் போய்த் தொட வேண்டுமென்றால் திட உலோகத்தால் முடியாது, திரவம்தான் வேண்டும். அந்த மின்பகு திரவத்தை அடைத்து வைத்திருப்பது அடியிலுள்ள ஒரு ரப்பர் மூடி மட்டுமே.

ஆகவே இந்தப் பாகத்தின் முதுமை ஆரம்பத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. சூட்டில் திரவம் ரப்பர் வழியாக மெல்ல மெல்லக் கசிந்து ஆவியாகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் விதி. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று அச்சிட்ட மின்தேக்கி 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும் அது மூன்றே முக்கால் வருடத்துக்கும் குறைவு. கார் நாள் முழுக்க ஓடுவதில்லை, குளிர்ந்த இரவுகளும் உண்டு என்பதால் முப்பது வருடம் இழுத்துக்கொண்டு வருகிறது. இதில் ஒரு வேதியியல் துரதிர்ஷ்டமும் சேர்ந்தது. 1980களின் இறுதியில் தயாரிப்பாளர்கள் சிலர், தடையைக் குறைப்பதற்காக நான்கிணைய அமோனியம் உப்புகளைக் கொண்ட மின்பகு திரவத்துக்கு மாறினார்கள். மின்தேக்கி வேலை செய்யும்போது நெகட்டிவ் கம்பியின் அருகே அதிலிருந்து கடும் காரம் உருவாகி ரப்பர் மூடியையே அரித்தது. ஆவியாக வேண்டியது திரவமாகவே கீழே ஒழுகியது. ஆப்பிளின் மெக்கின்டாஷ் எஸ்இ/30 போன்ற அந்தக் காலத்துக் கணினிகளைப் பராமரிக்கிறவர்களும் இன்று ஒழுகிய மின்தேக்கிகளோடு இதே போராட்டத்தை நடத்துகிறார்கள்.

மின்தேக்கி வறண்டதும் என்ன ஆகிறது? செல்ஃப் அடிக்கும் கணத்தில் பேட்டரி 12இலிருந்து 9 வோல்ட்டுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கும். நல்ல மின்தேக்கி அந்தப் பள்ளத்தை நிரப்பும், வறண்டது நிரப்பாது. ஐந்து வோல்ட் சரியும், செயலி மயங்கி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். இதிலிருந்து ஒரு அழகான சோதனை பிறக்கிறது. பேட்டரியும் கேபிளும் நல்ல நிலையில் இருந்தும் செல்ஃபில் கிளம்பாத கார், இரண்டு பேர் தள்ளிவிட்டால் உடனே பிடித்துக்கொள்கிறதா? தள்ளும்போது செல்ஃப் மோட்டார் கரண்டை இழுப்பதில்லை, வோல்டேஜ் விழுவதில்லை. இரண்டு நிலைகளுக்கும் உள்ள வித்தியாசம் அது மட்டுமே. குளிர்ந்த காலையில் மக்கர் செய்துவிட்டு, வண்டி சூடான பிறகு ஒழுங்காக இருப்பதும் இதே திசையைக் காட்டும். திரவத்தின் தடை குளிரில் ஏறி, சூட்டில் குறைகிறது. ஹோண்டா ரிலே சூட்டில் முரண்டு பிடிக்கிறது, மின்தேக்கி குளிரில். எப்போது நிற்கிறது என்று கார்க்காரரிடம் பொறுமையாகக் கேட்டாலே பாதி விடை வந்துவிடும். சந்தேகத்துக்குரிய பெட்டியை மூடி திறந்த நிலையில் ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடேற்றிப் பார்ப்பதும் இந்த அடிப்படையில்தான்.

மின்தேக்கி மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. ஒழுகிய திரவம் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். போர்டின் மேல் பூசியிருக்கும் பாதுகாப்புப் பூச்சுக்கு அடியில் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துத் தடம்வரை போயிருக்கும். பூச்சைச் சுரண்டி, ஆல்கஹாலால் பலமுறை கழுவி, அறுந்த தடங்களை மெல்லிய ஒயரால் இணைத்த பிறகே 22, 47, 100 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கும் அந்தச் சிறு டப்பாக்களைப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். பாகத்தின் விலை ஒரு டீ விலைக்கு மேல் போகாது. கழுவுவதற்குச் செலவாகும் பொறுமைக்குத்தான் கூலி.

வயோதிகத்தால் அல்லாமல் கொலையால் சாகும் பெட்டிகளும் உண்டு. அங்கே செத்தது எது என்பதைவிடக் கொன்றது எது என்பது முக்கியம். அதே எக்லிப்ஸில் ஐடிலைச் சீராக்க ஒரு ஸ்டெப்பர் மோட்டார் இருக்கிறது. அதன் காயில்கள் 20 டிகிரியில் 28 முதல் 33 ஓம் இருக்க வேண்டும். அப்போது ஒரு காயிலில் ஓடுவது 0.4 ஆம்பியர் அளவுதான். காப்பு கருகி ஷார்ட் ஆன மோட்டாரில் தடை சில ஓமாகக் குறைந்துவிடும், ஆம்பியர் பல மடங்காகும், கணினிக்குள் அந்த மோட்டாரை ஓட்டும் சிப் எரியும். போர்டில் கரிந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு வேறு கணினியை வாங்கி மாட்டினால், பழைய மோட்டார் அதையும் சாவியைத் திருப்பிய கணத்தில் எரித்துவிடும். இரண்டாவது கணினியும் எரிந்த பிறகு, கடைக்காரர் கெட்ட பெட்டியைக் கொடுத்துவிட்டார் என்று சண்டை நடக்கும்.

நம் ஊர் ஒர்க்ஷாப்களில் கணினியைக் கொல்லும் பழக்கம் ஒன்று இன்னும் இருக்கிறது. டைனமோ சார்ஜ் கொடுக்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார்கள். கார்புரேட்டர் காலத்து அம்பாசடரில் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மின்னணு வண்டியில் நிலைமை வேறு. ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குள் தள்ளிக்கொண்டிருந்த மின்னோட்டத்துக்குப் போக இடமில்லாமல் ஆகிறது. அதன் காந்தப்புலம் உடனே இறங்காது, சில நூறு மில்லி விநாடி பிடிக்கும். அதுவரை வோல்டேஜ் மேலே பாய்கிறது. தடுப்பு எதுவும் இல்லாத 12 வோல்ட் அமைப்பில் இதைச் சோதிக்கச் சர்வதேசத் தரநிலை குறிப்பிடும் அளவே 79 முதல் 101 வோல்ட். கணினிக்குள் இதைத் தாங்க ஒரு காவல் டையோடு இருக்கும். அது சில தடவை தாங்கும், ஒரு தடவை தாங்காது. டைனமோவைப் பார்க்க ஒரு வோல்ட் மீட்டர் போதும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் டைனமோ வேலை செய்கிறது. டெர்மினலைத் தொடவே வேண்டாம்.

தண்ணீர் இன்னொரு எதிரி. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்களில் பலவற்றின் உரிமையாளர்கள், தண்ணீர் வடிந்ததும் முதலில் செய்ய விரும்பியது சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான். அதைத்தான் செய்யக் கூடாது. அழுக்குத் தண்ணீரில் நனைந்த போர்டு, மின்சாரம் இல்லாதவரை மெதுவாகத்தான் கெடும். கரண்ட் பாய்ந்த உடனே மின்னாற்பகுப்பு தொடங்கி, பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து போகிறது. முதலில் பேட்டரியைக் கழற்றி, பெட்டியை எடுத்து, நல்ல தண்ணீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் கழுவி உலர்த்தினால் பிழைக்க வழியுண்டு.

எல்லாச் சோதனையும் முடிந்து பெட்டிதான் என்று உறுதியான பிறகும், வேறு பெட்டியை மாட்டிப் பார்க்கும் ஆசை வரும். அதை மறுபக்கமாகச் செய்வது நல்லது. சந்தேகப் பெட்டியை அதே மாடலில் ஓடும் நல்ல வண்டியில் மாட்டிப் பாருங்கள். நல்ல பெட்டியை நோயாளி வண்டியில் மாட்டினால், அங்கே ஒளிந்திருக்கும் ஷார்ட் அதையும் தின்றுவிடலாம். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த கார்களில் இந்தச் சோதனையே பலிக்காமல் போகலாம். சாவிக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் தெரியாவிட்டால் இம்மொபிலைசர் எஞ்சினை ஓட விடாது, நல்ல கணினியும் செத்ததாகவே தோன்றும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணும் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். கியர் வண்டிக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும், டர்போ இருப்பதற்கும் இல்லாததற்கும் வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும், உள்ளேயிருக்கும் கணக்கு வேறு.

பழைய சாமான் கடையில் வாங்கும் பெட்டிக்கும் நம் பெட்டியின் வயதுதான். அதே ரப்பர் மூடிகள், அதே வருடங்கள், அதே வெயில். விற்கிறவர் ஓடிய வண்டியிலிருந்து கழற்றியது என்று சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அலமாரியில் கிடந்த காலத்திலும் ஒழுகல் நிற்பதில்லை. ஆகவே வாங்கியதும் திறந்து, மோந்து பார்த்து, மின்தேக்கிகளை மாற்றிவிட வேண்டும். பிறகு வண்டியில் இன்ஜெக்டர், ஐடில் மோட்டார், இக்னிஷன் காயில் ஒவ்வொன்றின் தடையையும் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, எர்த் போல்ட்டுகளைக் கழற்றி எமரி தாளால் தேய்த்து இறுக்கி, அதன் பிறகுதான் கப்ளரைச் சொருகலாம்.